மேசை மேல் ஒரு நூல் மரம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



உல்லன் நூலில் கிறிஸ்துமஸ் மேசை அலங்காரம் செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் நூலுக்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். எங்கள் குழுவில் பாதிப் பேர் பொம்மைக்குப் பிசிறு எடுத்த கைதான். அந்தக் கைக்குக் குரோஷா ஊசி சீக்கிரம் பழகிடும்.

நாங்கள் செய்வது இரண்டே சாமான். ஒரு குட்டி மரம், டம்ளர் வைக்க நாலு நட்சத்திர விரிப்பு. மரத்துக்கு வளையத்தில் 6 கண்ணியில் ஆரம்பியுங்கள். ஒரு வரிசை கூட்டாமல் போடணும், அடுத்த வரிசையில் 3 கண்ணி கூட்டணும். இப்படி மாறி மாறிப் போனால் தானாகக் கூம்பாக வரும். உள்ளே துணித் துண்டு அடைத்து, அடியில் ஒரு சின்ன அகல் விளக்கைக் கவிழ்த்து வைத்துத் தைத்துவிடுவோம். காற்றில் சாயாது. உச்சியில் குஞ்சம். சடைக்குக் குஞ்சலம் கட்டத் தெரிந்தவளுக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது அக்ரிலிக் உல்லன். மரத்துக்கு அது போதும். டம்ளர் விரிப்புக்கு ஆகாது, சூடான பாத்திரம் பட்டால் உருகும். அதற்குப் பருத்தி நூல்தான். நூல் மரத்துப் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றவே கூடாது. பேட்டரி விளக்கு வையுங்கள் என்று வாங்குகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்லணும்.

நட்சத்திரம் விறைப்பாக நிற்கக் கஞ்சி போட்டோம், எறும்பு வந்துவிட்டது. இப்போது ஃபெவிக்காலைத் தண்ணீரில் கரைத்து முக்கி, ஊசி குத்திக் காய வைக்கிறோம். ஐப்பசி கார்த்திகை மழையில் அது காயாது. கிறிஸ்துமஸுக்குத்தானே என்று ஐப்பசியில் உட்காராதீர்கள், ஆடியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வருஷம் ஒரு கடைக்காரர் 40 செட் கேட்டார். செட் 120 ரூபாய். நூலுக்கு 55 போனால் 65 மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். ஒரு செட்டுக்கு 5 மணி நேரம் ஆனதை யாரும் எழுதி வைக்கவில்லை. பஸ்ஸுக்கும் பைக்கும் 400 போக, 8 பேர் பிரித்தபோது ஆளுக்கு 275 ரூபாய். ஒவ்வொருத்தியும் பின்னியது 25 மணி நேரம். மணிக்கு 11 ரூபாய்! 2024-25இல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த ஒரு நாள் கூலியே 319 ரூபாய்.

"வீட்டுல சும்மா இருக்குற நேரத்துலதானே பின்னுனோம்"னு ஒருத்தி சொன்னா. பீங்கான் பட்டறைக்குப் போகிற அக்கா விடவில்லை. "பட்டறையில சூளைல உடையுறதையும் சேர்த்துத்தான் விலை போடுறாங்க. நீ பிரிச்சுப் பிரிச்சுப் பின்னுனியே, அதை எந்தக் கணக்குல எழுதுன?"ன்னு கேட்டாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை.

அந்தச் "சும்மா இருக்குற நேரம்" பழைய பேச்சு. ஆந்திராவில் நரசாபுரத்துப் பெண்கள் குரோஷாவில் லேஸ் பின்னி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த மரியா மீஸ் அவர்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1982இல் வந்தது. நாள் முழுக்கப் பின்னியவர்களுக்கு ஒரு ரூபாய்க்கும் கீழேதான் கிடைத்தது. அவர்களைத் தொழிலாளி என்றே யாரும் எண்ணவில்லை, வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்குக்குச் செய்கிறார்கள் என்றார்கள். லாபம் வியாபாரிக்குப் போனது.

நம்ம பக்கத்திலேயே வேறு கதையும் உண்டு. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் சொல்லிக்கொடுத்தார். அது குரோஷா இல்லை, தலையணை மேல் கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னுவது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்தக் காசைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். அவர் மகள் எலைசாதான் கால்டுவெல்லின் மனைவி. இடையன்குடியிலும் லேஸ் வேலையைத் தொடங்கியவர் அவர். இரண்டு ஊரிலும் பின்னியது நூல்தான், காசு யார் கையில் நின்றது என்பதில்தான் வித்தியாசம்.

அடுத்த வருஷம் ஒரு நோட்டுப் போட்டோம். ஊசி எடுத்த நேரம், வைத்த நேரம். பிரித்துப் பின்னினதும் அதில் ஏறும். வேலைப்பாட்டைக் குறைத்து ஒரு செட்டை 3 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தோம். நூல் 80, விலை 260. பழைய கடைக்காரர் வேண்டாம் என்று போய்விட்டார். எனக்குப் பயம்தான், மறைக்க மாட்டேன். சர்ச் வாசலிலும் தெரிந்த வீடுகளிலும் நாங்களே விற்றோம். 22 செட்தான் போனது. செலவு 360 போக ஆளுக்கு 450 ரூபாய். வேலை எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

விற்காத 6 மரம் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. என் பேத்தி அதை வைத்துத்தான் கடை விளையாடுகிறாள், 260க்குக் குறைத்துத் தரமாட்டேன் என்கிறாள்.

அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். நூலும் 12 ஊசியும் பின்வரிசைப் பையில் இருக்கு. சாப்பிட்டுட்டு வாங்க, முதல் வளையத்தைப் போட்டுப் பார்த்துடலாம்.