இரண்டு இடங்களும் இரண்டாம் இடமும்

(கொல்கத்தா மாநகராட்சித் தேர்தல் முடிவுகள் குறித்து, காளிகாட்டில் தமிழ்த் தோழர்களிடையே 2022 ஜனவரியில் ஆற்றிய உரை)



டிசம்பர் 21 அன்று வெளியான முடிவுகளை முதலில் அப்படியே சொல்லிவிடுகிறேன். மொத்தம் 144 வார்டுகள். திரிணாமுல் காங்கிரஸ் 134, பாஜக 3, காங்கிரஸ் 2, சுயேச்சைகள் 3, இடது முன்னணி 2. நம் இருவரில் ஒருவர், 92ஆவது வார்டில் வென்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மதுசந்தா தேவ். மற்றவர், 103ஆவது வார்டில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் நந்திதா ராய். 2005இல் 75 இடங்களுடன் மாநகராட்சியை வென்ற முன்னணி, 2015இல் 15ஆகச் சுருங்கி, இன்று இரண்டில் நிற்கிறது. இதை மூடிமறைக்கும் சொல் எதையும் நாம் தேட வேண்டியதில்லை.

வாக்குப்பதிவு எவ்வாறு நடந்தது என்பதை இந்நகரம் கண்டது. மத்தியப் படைகள் வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றத்தில் ஏற்கப்படவில்லை. டிசம்பர் 19 அன்று சியால்டா பகுதியில் நாட்டு வெடிகுண்டுகள் வீசப்பட்டன. முகவர்கள் வெளியேற்றப்பட்டதாகப் பல வார்டுகளிலிருந்து புகார்கள் எழுந்தன. இவை கண்டனத்துக்குரியவை. ஆனால், வன்முறை ஒன்றே நம்மை வீழ்த்தியது என்று கூறினால் நம்மையே நாம் ஏமாற்றிக்கொள்வோம்.

இனி வாக்குகளைப் பாருங்கள். திரிணாமுல் பெற்றது சுமார் 72 சதவீதம். கிடைத்த இடங்களோ 93 சதவீதம். இடது முன்னணி பெற்றது ஏறத்தாழ 12 சதவீதம். கிடைத்த இடங்கள் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் ஏன் தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இதே முறை நமக்குச் சாதகமாக இருந்த காலமும் உண்டு என்பதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்வோம்.

சட்டமன்றத்தில் ஓரிடமும் இன்றி நாம் நின்றது கடந்த மே மாதத்தில்தான். ஏழே மாதங்களில், மாநிலத்தின் முதன்மை எதிர்க்கட்சியான பாஜகவை இந்நகரில் வாக்கு விகிதத்தில் பின்னுக்குத் தள்ளி, அறுபதுக்கும் மேற்பட்ட வார்டுகளில் இரண்டாம் இடம் பெற்றிருக்கிறோம். இரண்டாம் அலையின்போது நள்ளிரவில் ஆக்சிஜன் உருளையைத் தோளில் சுமந்து சந்து சந்தாக அலைந்த செந்தொண்டர்களை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் அறியும். அதுவே முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆயினும் எந்தப் பாதையில் மக்கள் நம்மிடம் திரும்புவார்கள் என்பதை அது காட்டுகிறது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். மாமன்ற உறுப்பினரை வங்காளிகள் 'பௌரபிதா' என்பார்கள், பெண்ணாயின் 'பௌரமாதா'. நகரத் தந்தை, நகரத் தாய் என்று தமிழில் எழுத என் பேனா ஒவ்வொரு முறையும் தயங்கும். தந்தை கொடுப்பார், பிள்ளைகள் பெற்றுக்கொள்வார்கள் என்ற உறவு அச்சொல்லுக்குள் இருக்கிறது. இன்றைய ஆட்சியின் இயல்பும் அதுவே. முதலமைச்சரின் இல்லம் அமைந்த இங்குள்ள 73ஆவது வார்டின் 'தாய்' ஆகியிருப்பவர் அவருடைய சகோதரரின் மனைவி. குடிநீரும் சாக்கடை வசதியும் உரிமைகள் அல்ல, குடும்பத் தலைமை வழங்கும் கொடைகள் என்றாகிவிட்டால், கோயிலை ஒட்டி ஓடும் ஆதிகங்கை ஏன் இன்னும் நாறுகிறது என்று கேட்கும் துணிவு யாருக்கு வரும்?

1972இல் கலைக்கப்பட்ட இந்த மாநகராட்சிக்கு 1985இல் தேர்தல் நடத்தியது இடது முன்னணி அரசு. உள்ளாட்சி மக்களுடையது என்பதே அதன் பொருள். 2020 மே மாதம் பதவிக்காலம் முடிந்த பின்னரும், ஒன்றரை ஆண்டுக்கு மேல் நியமன நிர்வாகிகளே இந்நகரை ஆண்டார்கள். ஹவுராவில் 2018 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தமிழ்நாட்டின் நகரங்களும் 2016 முதல் தனி அலுவலர்கள் கையில்தான் இருக்கின்றன. அங்கும் தேர்தல் நெருங்குகிறது.

தமிழகத் தோழர்களுக்கு காளிகாட்டிலிருந்து சொல்ல ஒன்று உண்டு. தேர்தல் அறிவித்த பிறகு வார்டுக்குள் நுழைபவர் விருந்தாளி. குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஆண்டு முழுவதும் உடன் நிற்பவரே தோழர். இரண்டாம் இடம் வெற்றி அன்று. வேலை தொடங்க வேண்டிய இடம். அறுபது வார்டுகளில் அந்த வேலை நமக்காகக் காத்திருக்கிறது.