தலைமையாசிரியரின் தளர்வு நீங்க

(தோட்டத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைத்தல் வேண்டுமென 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அந்நாளில் கங்காணியோ கிராணியோ எழுத்தறிவித்த கொட்டகைகளும் உண்டு. நாடு விடுதலை பெற்ற 1957 இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தும் போனமையால், இன்று 500க்குச் சற்று மேற்பட்டனவாகக் குறைந்துள்ளன. 150க்கும் குறைவான மாணவரைக் கொண்டது குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். தோட்டப்பள்ளிகளுள் பல இவ்வகையினவே. இத்தகைய சிறு பள்ளியில் தலைமையாசிரியர் தளர்ந்தால், பள்ளியே தளர்ந்துவிடும் என்பதில் ஐயமில்லை.

அவர் தளர்வது ஏன்? வேலைப்பளு என்பதே பொதுவான விடை. அது பாதி உண்மையே. மறுபாதியை, நாம் ஆசிரியப் பணியில் இருந்த நாள்களில் ஒரு தோட்டப்பள்ளியில் கண்டோம்.

அப்பள்ளியின் தலைமையாசிரியர் ஐம்பதைக் கடந்தவர். அறிக்கை, கூட்டம், கணக்கு, ஒழுகும் கூரை ஆகியவற்றுக்கிடையே தமக்குரிய பாடவேளைகளையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டார். முன்கூட்டியே ஓய்வு பெறுவதற்கான படிவத்தை நிரப்பி இழுப்பறையில் வைத்திருந்தார். ஒருநாள் இரண்டாம் ஆண்டு ஆசிரியை விடுப்பில் இருந்தமையால், வேறு வழியின்றி அவ்வகுப்பிற்குச் சென்றார். பால்மரம் சீவும் ஒருவரின் மகள் பாடத்தைத் தடையின்றி வாசித்தாள். ஏதோ ஐயம் தோன்ற, அவர் பக்கத்திலிருந்த படத்தைக் கையால் மறைத்தார். சிறுமி வாயடைத்து நின்றாள். படத்தைப் பார்த்து மனப்பாடமாய்ச் சொன்னாளேயன்றி, அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. அவள் வாசிப்பில் தேர்ச்சி பெற்றவள் என்னும் அறிக்கையில் கையெழுத்திட்டவர் அவரே!

மறுநாள் முதல், காலைச் சபைகூடலுக்கு முன் அரைமணி நேரம், அச்சிறுமிக்கும் அவளைப் போன்ற நால்வருக்கும் அவரே எழுத்துக் கற்பித்தார். சில மாதங்களில் அவள் தோட்ட அலுவலகத்துப் பெயர்ப்பலகையை உரக்க வாசித்தாள். பள்ளியின் மாணவர் தொகை உயரவில்லை. கூரையும் உடனே சீராகவில்லை. ஆயினும் மனிதர் மாறினார். "கையெழுத்திட்ட களைப்பில் உறக்கம் வருவதில்லை, கற்பித்த களைப்பில் நன்றாக வருகிறது" என்று நம்மிடம் கூறினார். படிவம் இழுப்பறையிலேயே பழுத்துப் போயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது யாதெனின், பிள்ளைகளை விட்டு விலகிய உழைப்பே மனிதரை மிகுதியாகச் சோர்வுறச் செய்கிறது. ஆகவே, தலைமையாசிரியர் தமக்குரிய பாடவேளைகளைக் கூட்டங்களுக்குப் பலியிடலாகாது. அதற்கு நேரம் கிடைக்க வேண்டுமாயின், துணைத் தலைமையாசிரியரிடம் வேலையைத் தருவதோடு, அதுபற்றி முடிவெடுக்கும் உரிமையையும் தருதல் வேண்டும். அண்டைப் பள்ளித் தலைமையாசிரியர்களோடு மாதமொருமுறை அமர்ந்து இடர்ப்பாடுகளை மனம்விட்டுப் பேசுதலும் நன்று. தலைமைப் பொறுப்புக்குத் தொடர்ந்த பயிற்சி தேவை என்பதனாலன்றோ கல்வித் தலைவர்களுக்கெனத் தனிப் பயிற்சிக் கழகம் நம் நாட்டில் 1979 இல் தோற்றுவிக்கப்பட்டது? அமினுடின் பாக்கி கழகம் என்பது அதன் இன்றைய பெயர். பயிற்சி பெறுவது குறையன்று. அதை நாடத் தயங்குவதே குறை.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் உங்கள் உழைப்பை நாம் அறிவோம். எனினும் பரிசளிப்பு விழாவிற்கு மட்டும் பள்ளிக்கு வருதல் போதாது. கூரை ஒழுகினால் கோத்தோங் ரோயோங்கில் கைகொடுங்கள். மாதமொருமுறை, "என் பிள்ளை வாசிக்கிறாளா?" என்று தலைமையாசிரியரை நேரில் கேளுங்கள். அக்கேள்வி அவருக்குச் சுமையாகாது. தம் பணி எதற்கென்று அவருக்கு நினைவூட்டும் துணையாகும்.

தலைமையாசிரியர்களே, நாளைக் காலை அலுவலக அறையைத் திறக்குமுன் ஒரு வகுப்பறைக்குள் செல்லுங்கள். ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து, படத்தை மறைத்து, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் தேடும் ஊக்கம் அங்கேதான் காத்திருக்கிறது.