காப்பிக் கடையும் மாயூரத்துத் திண்ணையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேச வருவோர் சங்க இலக்கியத்தையோ கம்பனையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நான் இன்று ஒரு காப்பிக் கடையைப் பற்றிப் பேச விழைகின்றேன். மேடை மாறி வந்துவிட்டேனோ என்று எவரும் ஐயுற வேண்டா.

சென்ற திங்கள் என் பேத்தி என்னை இந்தப் புனே நகரத்துக் காப்பிக் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். ஒரு கோப்பையின் விலையைக் கண்டு திகைத்து, அதைப் பற்றியே உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். மூலையில் ஓர் இளைஞர் கிதாரை மீட்டிப் பாடத் தொடங்கியதை நான் கவனிக்கவில்லை. பேத்தி என் கையைத் தொட்டு, “தாத்தா, அது அவரே எழுதிய பாட்டு, கொஞ்சம் கேளுங்களேன்” என்றாள். நாணத்தோடு வாயை மூடிக்கொண்டு கேட்டேன். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த ஒருவன், தொலைபேசியில் தாயிடம் சொல்லாது மறைக்கும் துன்பங்களைக் கூறும் மராத்திப் பாட்டு அது. குரலில் பிசிறு இருந்தது. தாளமும் ஓரிடத்தில் வழுவியது. ஆயினும் என் கண் கலங்கியது. ஊர் விட்டு வந்த நம்முள் அப்படி எதையும் மறைக்காதவர் யார்?

வீடு திரும்பும் வழியில், 19ஆம் நூற்றாண்டில் மாயூரத்துத் திண்ணை ஒன்றில் நிகழ்ந்தது என் நினைவுக்கு வந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பன்முறை சென்றார். நூலில் இலக்கண வழுக்கள் இருந்தமையால் பிள்ளையவர்கள் தயங்கிக் காலம் தாழ்த்தினார். ஒரு நாள் பாரதியார் திண்ணையில் அமர்ந்தபடி தம் கீர்த்தனைகளைத் தாமே பாடிக்கொண்டிருந்தார். வீட்டினுள் இருந்து கேட்ட புலவர் உருகிக் கண்ணீர் பெருக்கினார், பாயிரமும் கிடைத்தது. இச்செய்தியை உ. வே. சாமிநாதையர் நமக்கு எழுதி வைத்திருக்கிறார். ஏட்டில் பிழையாக நின்றது, இயற்றியவர் வாயிலிருந்து கேட்டபோது உயிராக நின்றது!

சொல்லும் இசையும் ஒருவரிடமே பிறப்பின் அவரை வாக்கேயக்காரர் என்பது நம் மரபு. தில்லையில் பாடிய முத்துத்தாண்டவர் அவ்வரிசையில் ஒருவர். மயிலாப்பூரில் மார்கழி வைகறையில் வீதி வலம் வந்து பாடிய, 1973இல் மறைந்த பாபநாசம் சிவன் மற்றொருவர். நாம் வாழும் மண்ணுக்கும் இது புதிதன்று. நமக்கு அருகிலுள்ள தேஹூவில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராம், தாம் இயற்றிய அபங்கங்களைத் தாமே பாடியவர். ஆண்டுதோறும் பண்டரிபுரம் நோக்கிச் செல்லும் அவருடைய பல்லக்கை நாமும் இந்நகர வீதிகளில் நின்று தரிசிக்கின்றோம்.

காப்பிக் கடையில் பாடுவது மேனாட்டு வழக்கம்தானே எனலாம். ஆம். 1961ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் வந்த பாப் டிலன் என்னும் இளைஞர், கிரீனிச் வில்லேஜ் பகுதிக் காப்பிக் கடைகளில் பாடத் தொடங்கினார். அக்கடைகள் பலவற்றில், கேட்டவர் கூடையில் இட்ட காசே பாடகருக்கு ஊதியம். அவருக்கே 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. திண்ணையோ, தெருவோ, காப்பிக் கடையோ, இடம் எதுவாயினும் ஆகுக. பாடுவோனுக்கு வேண்டுவது, பேச்சை நிறுத்திக் கேட்கும் பத்துப் பேர்.

இனி என் குறையைச் சொல்கின்றேன். அன்றிரவு பேத்தி, தானும் தமிழில் ஒரு பாட்டு எழுதியிருப்பதாகக் கூறினாள். தமிழ் எழுதத் தெரியாமையால் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். “ஏனம்மா என்னிடம் காட்டவில்லை?” என்று கேட்டேன். “நீங்கள் பிழை திருத்துவீர்களே, தாத்தா” என்றாள். ஓராண்டாக ஒரு தமிழ்ப் பாட்டு என் வீட்டிலேயே எனக்கு அஞ்சி ஒளிந்திருந்தது! உங்கள் வீடுகளிலும் அத்தகைய பாட்டுகள் ஒளிந்திருக்கக்கூடும். தமிழைக் காக்கின்றோம் என்று எண்ணி, அதில் வாய் திறக்கவே நம் பிள்ளைகளை அஞ்ச வைத்துவிடலாகாது.

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். திங்கள்தோறும் ஒரு மாலை, இம்மன்றத்தில் நல்ல பில்டர் காப்பி போடுவோம். நம் பிள்ளைகள் தாம் எழுதியதைத் தாமே பாடட்டும். பாட்டு முடியும் வரை பெரியவர்கள் பேசலாகாது, திருத்தவும் கூடாது. முடிந்தபின், தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து, அப்பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டட்டும். தான் பாடியதையே எழுதப் பழகும் பிள்ளைக்கு எழுத்து சுமையாக இராது.

என் பேத்தியின் பாட்டை நான் அவ்வாறே எழுதித் தந்தேன். அதில் இரண்டு பிழைகள் இருந்தன. அவள் பாடக் கேட்டபின், அவளே “சொல்லுங்கள் தாத்தா” என்று கேட்டாள். அதற்குப் பிறகே சொன்னேன். ஒன்றைத் திருத்திக்கொண்டாள், மற்றொன்றை, “பாட்டி அப்படித்தான் சொல்வார்” என்று அப்படியே விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.