மிஸ்வாக்கும் பற்காரையும்
(நமது பள்ளிவாசலில் இமாம் அவர்கள் ஆற்றிய பயானின் எழுத்து வடிவம்)



பெருமானார் (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்திய சுன்னத் மிஸ்வாக். உகாய் மரத்தின் அந்தக் குச்சியை உலக சுகாதார நிறுவனமும் 1986-இல் பரிந்துரைத்தது. நம் வடக்குப்பட்டில் மிஸ்வாக் வைத்திருப்போருக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எனினும், ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிக்கும் அளவுக்கு வாடை வீசும் வாய்களும் உள்ளன. சட்டைப்பையில் மிஸ்வாக் இருந்தால் போதுமா?

பல்லின் மீது நாள்தோறும் ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது கிருமிகளின் கூட்டம். மிருதுவாக இருக்கும்வரை மிஸ்வாக்கோ பிரஷ்ஷோ அதைத் தேய்த்து எடுத்துவிடும். வுளூவில் வாய் கொப்பளிப்பது உணவுத் துணுக்கை நீக்கும். ஒட்டிய படலத்தை நீக்காது. தேய்க்காமல் விட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாட்களில் அது கல்லாக இறுகத் தொடங்குகிறது. இதுவே பற்காரை. கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாவால் தடவிப் பாருங்கள். உமிழ்நீர் வந்து விழும் இடமாதலால் அங்கே அதிகம் சேரும். நைட் ஷிப்ட் முடிந்து, டீயும் பிஸ்கட்டும் உண்ட வாயுடன் அப்படியே உறங்கும் வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இறுகிய காரையை வீட்டு வைத்தியம் பெயர்க்காது. நல்லெண்ணெயும் உப்பு நீரும் இதம் தரலாம், அவ்வளவே. எலுமிச்சைச் சாறோ பல்லின் எனாமலையே அரிக்கும். போன எனாமல் மீண்டும் வளராது. செங்கல் தூளும் அடுப்புக்கரியும் பல்லைத் தேய்த்துக் குறைக்கும்.

"டாக்டரிடம் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்று பெரியவர்கள் சிலர் அஞ்சுகின்றனர். உண்மை தலைகீழானது. காரை ஈறைப் புண்ணாக்கி, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது. ஆடும் பல்லைக் காரை மறைத்திருக்கும். அதை அகற்றியதும் ஆட்டம் தெரிகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் விரைந்து முற்றும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. ஈறில் இரத்தம் கசிந்தால் தாமதிக்காதீர்கள்.

சென்னையில் 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொழிற்சாலைச் சகோதரர்கள் தங்கள் இ.எஸ்.ஐ. அட்டையைக் காட்டிக் குடும்பத்தாருக்கும் சிகிச்சை கேட்கலாம். ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டு பல் சுத்தம் செய்யலாமா என்று கேட்கிறார்கள். தண்ணீரோ இரத்தமோ தொண்டைக்குள் இறங்கும் அச்சம் இருப்பதால், இஃப்தாருக்குப் பிந்திய நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.