எதிர்பாராத சாட்சிகள்

வழக்கு மன்றத்திலே நண்பன் கூறும் சாட்சியிலும், எதிர்த்து நிற்பவன் வாயிலிருந்து வரும் சாட்சிக்கே வலிமை அதிகம். பௌதிகவியலின் பேருண்மைகள் இரண்டு, அவற்றை மெய்ப்பிக்க எண்ணாதவர்களின் சாட்சியத்தால் நிலைபெற்றன என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம்.

உலோகத்தின்மீது தக்க ஒளி படும்போது அதிலிருந்து இலத்திரன்கள் வெளியேறுகின்றன. இதனை ஒளிமின் விளைவு என்பர். ஒளியின் செறிவைக் கூட்டினால் இலத்திரன்களின் தொகை பெருகுமேயன்றி அவற்றின் வேகம் பெருகுவதில்லை. நீல ஒளிக்குப் பதிலாக ஊதா ஒளியைச் செலுத்தினாலோ வேகம் மிகுகின்றது. ஒளி வெறும் அலையாயின் இவ்வாறு நிகழ்தல் ஆகாது. ஒளி சிறு சிறு சத்திப் பொதிகளாக வருகின்றது என்றும், பொதியின் அளவு ஒளியின் மீடிறனைப் பொறுத்தது என்றும் 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் விளக்கினார்.

ஒளி அலையே என்பதில் உறுதி கொண்டிருந்த அமெரிக்க அறிஞர் மில்லிக்கன், சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்காக இதனைச் சோதித்தார். காற்று நீக்கிய கண்ணாடிக் கலத்தினுள்ளே கத்தி ஒன்றை அமைத்து, சோடியம் முதலிய உலோகங்களின் மேற்பரப்பைச் சீவிப் புதுப்பித்து அளந்தார். 1916இல் அவர் வெளியிட்ட அளவீடுகள் ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டையே உறுதிப்படுத்தின. பொதிக் கொள்கையை ஏற்க அப்போதும் அவர் மனம் இசையவில்லை. ஆயினும் கண்டதை அவர் மறைத்தாரல்லர்.

அலையெனப்பட்ட ஒளிக்குத் துணிக்கையின் இயல்பு உண்டெனில், துணிக்கையாகிய இலத்திரனுக்கும் அலையின் இயல்பு இருத்தல் வேண்டும் என்று 1924இல் பிரெஞ்சு அறிஞர் டி புறோக்ளி கருதினார். அதற்குரிய சான்று ஒரு விபத்தின் வழியே வந்தது.

1925இல் நியூயோர்க் ஆய்வுகூடத்தில் டேவிசன் என்பார் நிக்கல் தகட்டின்மீது இலத்திரன்களைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். திரவக் காற்று நிரம்பிய போத்தல் ஒன்று வெடித்தது, கருவி உடைந்தது, சூடான நிக்கல் காற்றுப்பட்டுக் கெட்டது. அதனைத் தூய்மையாக்க நெடுநேரம் வெப்பமேற்றியபோது, தகட்டிலிருந்த நுண் பளிங்குகள் சில பெரும் பளிங்குகளாயின. அதன்பின் சிதறிய இலத்திரன்கள் குறித்த சில திசைகளிலேயே செறிந்து தோன்றின. இதன் பொருள் டேவிசனுக்கு உடனே விளங்கவில்லை. மறு ஆண்டு இங்கிலாந்து சென்றிருந்தபோதே டி புறோக்ளியின் கருத்து அவருக்குத் தெரியவந்தது. 1927இல் அவரும் கேர்மரும் தனிப் பளிங்கில் மீண்டும் அளந்தனர். இலத்திரனின் அலைநீளம் டி புறோக்ளியின் கணக்கோடு பொருந்திற்று.

இன்று நுண்ணிய வைரசுகளையும் காட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டி இவ்வலையியல்பின் பயனே. ஒருவர் மறுக்க முயன்றார். மற்றவர் வேறொன்றைத் தேடினார். தாம் விரும்பியதை விடுத்து, இயற்கை காட்டியதையே இருவரும் எழுதிவைத்தனர். விஞ்ஞானம் அந்த நேர்மையின்மேல் நிற்கின்றது.