பன்னிரண்டு கூடைகள்



ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்த புதுமையை நாம் அறிவோம். எல்லாரும் வயிறார உண்டபின், மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு அவர் சீடர்களைப் பணித்ததாக யோவான் நற்செய்தி கூறுகிறது. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அப்பத்தைப் பெருக்க வல்லவரே மீதியை எறிந்துவிடவில்லை.

நம் வீட்டு மீதி எங்கே போகிறது? காலையில் பேட்டரி வண்டியில் கொட்டியதும் காலடிப்பேட்டை வாசல்கள் சுத்தமாகிவிடுகின்றன. ஆனால் திருவொற்றியூர் மண்டலத்தின் குப்பை சேருமிடம் கொடுங்கையூர். ஏறத்தாழ 340 ஏக்கர் கிடங்கு அது. அங்கே தீப்பிடித்தால் புகையைச் சுவாசிப்பவர்கள் அதன் அருகே குடியிருக்கும் மக்கள். நம் வாசலைச் சுத்தமாக்கி அயலாரின் வாசலில் மலை எழுப்புவது பிறரன்பு ஆகுமா?

மாற்று வழி உண்டு. கேரளத்தின் ஆலப்புழை நகராட்சியும் சர்வோதயபுரம் என்ற ஊரில்தான் குப்பை கொட்டி வந்தது. 2012-இல் அவ்வூர் மக்கள் லாரிகளை மறித்தார்கள். கொட்ட இடமின்றித் தவித்த நகராட்சி, வீடுகளில் சிறு எரிவாயுக் கலன்களையும் உரக் குழாய்களையும், தெருக்களில் உரத் தொட்டிகளையும் அமைத்தது. உணவுக் கழிவு அந்தந்தப் பகுதியிலேயே உரமாயிற்று. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அந்நகரைப் பாராட்டியது.

இதன் அடிப்படை எளியது. சமையலறைக் கழிவு தனியே இருந்தால் உரம். பிளாஸ்டிக்கோடு கலந்து மலையாகக் குவிந்தால் நாற்றமும் மீத்தேன் வாயுவும் தீயும். கலந்த குப்பையைக் கிளறும் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிப்பது நாம் வீசிய பிளேடும் உடைந்த கண்ணாடியும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் விதிகளே கட்டாயமாக்கின.

ஆகவே, இந்த வாரமே வீட்டில் தனித்தனி வாளிகள் வைப்போம். பிளேடு, ஊசி, காலாவதியான மருந்தைத் தாளில் சுற்றித் தனியே கொடுப்போம். பங்குத் திருவிழா விருந்தை வாழையிலையில் பரிமாறுவோம்.

அதோடு நம் கடமை முடிவதில்லை. பகுதி சபைக் கூட்டத்துக்குச் சென்று மாமன்ற உறுப்பினரிடம் பணிவாகக் கேட்போம்: “நாங்கள் பிரித்துத் தருவது வண்டியில் மறுபடி கலக்கப்படுகிறதா? எங்கள் வார்டின் ஈரக் கழிவு எங்கே உரமாகிறது?” பிரிப்பது நம் பொறுப்பு, பிரித்ததைக் கலக்காமல் காப்பது மாநகராட்சியின் பொறுப்பு. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன் தராது.

மீதியையும் மதித்த ஆண்டவர், கொடுங்கையூர் மக்களையும் நம் அயலாராகக் காணும் கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.