முதலில் மொழி



பேச்சுப் பயிற்சியாளனான நான் செய்த தவறொன்றைச் சொல்லிவிடுகிறேன். காது கேளாத மூன்று வயதுப் பிள்ளையின் தாயிடம், "சைகை காட்டாதீங்கம்மா, பேச்சு வராமப் போயிடும்" என்றேன். கருவி மாட்டியும் பேச்சு தாமதமாயிற்று. ஓராண்டு கழித்து அந்த அம்மா கேட்டார்: "எங்கே வலிக்குதுன்னுகூட அவன்கிட்டே கேட்க முடியலை சார்." எனக்குத் தலை குனிந்துவிட்டது.

சைகை பேச்சைக் கெடுப்பதில்லை. மொழியில்லாமல் கழியும் காலந்தான் கெடுக்கிறது. பிறந்த 1 மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையைக் கண்டறிதல், 6 மாதத்துக்குள் பயிற்சி என்பது பல நாடுகள் ஏற்ற நெறி.

இத்துறைக்கு வரும் தம்பி தங்கைகளே, பெற்றோருக்கு எல்லா வழிகளையும் சொல்லுங்கள். காது கேளாத பெரியவர் ஒருவரை அறிமுகப்படுத்துங்கள். பேச்சு வரும்வரை தாயும் பிள்ளையும் பேசிக்கொள்ள வேண்டாமா?